கல்லறைக் கல்லிலிருந்து கொடிவழி வரை: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் குடும்ப வரலாறு தேடும் முறை

குடும்ப வரலாற்றைத் தேடப் புறப்படுகிறவர்கள் எங்கள் சேலம் பக்கத்தில் முதலில் கேட்கும் கேள்வி, "பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தாவின் பெயர் இருக்குமா?" என்பதுதான். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் ஒருவர் அந்த நாட்டுக் கணக்கெடுப்புத் தாள்களில் ஒரு வீட்டின் ஆட்களை வயதோடும் தொழிலோடும் கண்டெடுத்த செய்தியைக் கேட்டுவிட்டு, அதே போன்ற தாள் நம் கிராமத்துக்கும் எங்காவது ஓர் அலுவலகத்தில் கட்டி வைக்கப்பட்டிருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பல மாதங்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும் என்பதால், இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தியக் கணக்கெடுப்பில் உங்கள் தாத்தாவின் பெயர் கிடைக்காது.

சென்னை மாகாணத்தில் முதல் முழுக் கணக்கெடுப்பு 1871 நவம்பர் 15 அன்று நடந்தது. 1881 பிப்ரவரி 17 அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் கணக்கெடுக்கப்பட்டது. அதன் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக ஆட்கள் எண்ணப்பட்டு வந்தாலும், வீட்டுப் படிவங்களில் இருந்த விவரங்களை அட்டவணையாகத் தொகுத்து முடித்ததும் படிவங்கள் கழிக்கப்பட்டன. எண்கள் மட்டுமே அச்சேறின. விடுதலைக்குப் பிறகு வந்த 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனி ஆட்களைப் பற்றிய பதிவை எவரும் பார்வையிட முடியாது என்றே சொல்கிறது. பிரிட்டனில் 100 ஆண்டுகள் கழிந்ததும் வீட்டுத் தாள்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1921-ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் அந்தக் காலக்கெடு 72 ஆண்டுகள். நமக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது.

ஆகவே இங்கே வேலையின் வரிசை வேறு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பெயரைத் தருவது கல்லறைக் கல்லும் ஆலயப் பதிவேடும். அந்தப் பெயர் வாழ்ந்த ஊரைக் காட்டுவதுதான் கணக்கெடுப்பு அட்டவணையின் வேலை. இரண்டையும் இந்த ஒழுங்கில் பயன்படுத்துகிறவர்களுக்கு நான்கைந்து தலைமுறை வரை போவது பெரும்பாலும் கைகூடுகிறது. நான் என் தாய்வழிக் கொள்ளுத்தாத்தாவைத் தேடிய வழியை ஆங்காங்கே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

வீட்டில் தொடங்குங்கள்

கல்லறைத் தோட்டத்துக்குப் போவதற்கு முன்பு வீட்டில் இருக்கும் தாள்களை எல்லாம் ஒரே மேசையில் பரப்புங்கள். வேதாகமத்தின் முதல் வெற்றுப் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த நாளை எழுதி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது. பழைய ஜெபப் புத்தகங்களுக்கு நடுவே நினைவு அட்டைகள் செருகப்பட்டிருக்கும். கல்யாணப் பத்திரிகைகள், பள்ளிச் சான்றிதழ்கள், கிரயப் பத்திரங்கள், தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் வீடு என்றால் செக்ரோல் என்னும் வருகை, கூலிக் கணக்குச் சீட்டு, எதையும் ஒதுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி, சேர்க்கை நாளன்று தலைமையாசிரியர் வயதுக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டதாக இருக்கலாம். ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் ஒரு குடும்பத்தில் அளவுக்கு மீறி இருந்தால் அதுவே காரணம். பிற்காலத்துக் கல்லறைகளில் 'தோற்றம்' என்ற சொல்லுக்குக் கீழே பொறிக்கப்பட்ட நாளும் பல சமயம் அந்தச் சான்றிதழிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

பெரியவர்களிடம் கேட்கும்போது, "தாத்தாவுடைய அப்பா பெயர் என்ன?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றுதான் பதில் வரும். மாறாக, "மூத்த மாமாவுக்கு யார் பெயரை வைத்தார்கள்?" என்று கேளுங்கள். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் அவன் பெயரன். அந்தச் சொல்லே பேரன் ஆயிற்று. மூத்த பேரனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை வைப்பது சேலம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் நெடுநாள் தொடர்ந்த வழக்கம். ஆகவே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும். இது தேடுகிறவருக்குத் துணையாகவும் இருக்கும், பொறியாகவும் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு கல்லறைகள் இருந்தால் பாட்டன் யார், பேரன் யார் என்று ஆண்டை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

என் அம்மாவின் அத்தை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் லயன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) பிறந்து வளர்ந்தவர். அவரிடம் கேட்டபோது, "உங்க கொள்ளுத்தாத்தன் சமாதி மூணு சமாதி வரிசையா இருக்குமில்ல, அதுல நடுவுல இருக்கறது கண்ணு, சாயங்காலமானா சில்வர் ஓக் நிழலு அது மேலதான் விழும்" என்றார். ஆண்டும் தேதியும் அவருக்குத் தெரியாது. அந்த நிழல்தான் எனக்குக் கிடைத்த முதல் ஆவணம்.

கல்லறைத் தோட்டத்தில்

முன்னதாகவே பங்குத்தந்தையிடமோ தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஆலயம் என்றால் போதகரிடமோ நேரில் போய், எந்தக் குடும்பத்தைத் தேடுகிறீர்கள் என்று சொல்லி அனுமதி பெறுங்கள். ஆலயப் பணிக்கு உதவும் உபதேசியாரையும் குழி வெட்டுகிறவரையும் பழக்கம் செய்துகொள்வது அதைவிடப் பயனுள்ளது. எந்த மேடு யாருடையது என்று அறிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் என்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று ஒருமுறையாவது போக வேண்டும். மெழுகுவத்தி ஏற்றிப் பூ வைக்க வரும் குடும்பங்களில் உங்களுக்கு இதுவரை தெரியாத ஒரு கிளையே உங்கள் தாத்தாவின் கல்லருகே நிற்கக்கூடும்.

கல்லைப் படிப்பதில் அவசரம் கூடாது. உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் பள்ளமான எழுத்தில் நிழல் தேங்கி வரி தெளிவாகும். மலையில் மூட்டம் போட்ட நாளில் ஒரு கைவிளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து பிடித்தாலும் அதே பயன் கிடைக்கும். பாசி இருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, அமிலம், சலவைத் தூள், எழுத்தை எடுப்பாகக் காட்டப் பூசும் சாக்கட்டி அல்லது எண்ணெய், இவற்றில் எதையும் கல்லின் மேல் வைக்காதீர்கள். நூறாண்டு நின்ற எழுத்தை ஒரு மாலையில் கெடுத்துவிடலாம். கல்வெட்டு ஆய்வாளர்கள் செய்வதுபோல ஈரத் தாளை ஒற்றி மைப்படி எடுப்பது நல்ல முறைதான் என்றாலும், பழகியவர் துணை இல்லாமலும் அனுமதி இல்லாமலும் அதில் இறங்க வேண்டாம். கைப்பேசியில் சாய்வெளிச்சத்தில் எடுத்த பத்துப் படங்கள் பெரும்பாலும் போதுமானவை.

நம் ஊரில் வெயிலையும் மழையையும்விட எழுத்தை அதிகம் மறைப்பது சுண்ணாம்பு. ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு முன்பு அன்போடு அடிக்கப்படும் வெள்ளை, எழுத்தின் பள்ளத்தில் அடுக்கடுக்காக நிரம்பிவிடுகிறது. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கல் முழங்கால் உயரக் கருங்கல், ஏழு வரிகள். கடைசி வரியில் ஆண்டின் முதல் மூன்று எண்களும் தெளிவாக 191 என்று தெரிந்தன. நான்காவது எண்ணின் வளைவுகளுக்குள் சுண்ணாம்பு கெட்டியாக இறுகியிருந்தது. அவர் காய்ச்சலில் இறந்தார் என்பது வீட்டில் சொல்லி வந்த கதை. உலகமெங்கும் விஷக்காய்ச்சல் பரவிய 1918-ஆம் ஆண்டு உடனே நினைவுக்கு வந்ததால், அந்த எண்ணை 8 என்றே படித்து, அப்படியே குறிப்பேட்டிலும் எழுதிவிட்டேன். இரண்டாம் முறை போனபோது அந்தி நேரத்தில் இடப்பக்கமிருந்து கைவிளக்கைப் பிடித்தேன். எண்ணின் வலப்பக்க வளைவுகள் இரண்டிலும் நிழல் விழுந்தது. இடப்பக்கத்தில் கல் வழவழவென்று, உளி படாமல் இருந்தது. அது 3. ஐந்தாண்டு தள்ளி, தவறான பதிவேட்டில் நான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நமக்குத் தெரிந்த கதைக்குப் பொருந்துகிறது என்பதற்காக ஓர் எழுத்தை முடிவு செய்யக் கூடாது. தெளிவில்லாத எழுத்தைப் படியெடுக்கும்போது புள்ளியிட்டு விட்டுவிட்டு, உங்கள் ஊகத்தைத் தனியாக எழுதி வையுங்கள்.

கல்லின் வகையும் செய்தி சொல்லும். வெளியூரிலிருந்து வந்த பளிங்கு மழையில் கரைந்து எழுத்து மழுங்கிவிடும். நம் மலைக் கருங்கல் அப்படி மழுங்காது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான யோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்துதான் தாமஸ் ஹாலண்டு என்ற நிலவியலாளர் 1893-ல் ஒரு பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். சேர்வராயன் மலையின் பாறையும் அதே இனம்தான். ஒரு கல்லறைக் கல்லிலிருந்து பெயர் பெற்ற பாறையிலேயே நம் முன்னோரின் கல்லறைக் கற்களும் வெட்டப்பட்டிருப்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும். ஈய எழுத்துப் பதித்த தோட்டத் துரைமார் கல்லறைகளில் ஈயம் உதிர்ந்துபோயிருந்தாலும், அதைப் பிடித்திருந்த சிறு துளைகளின் அமைப்பை வைத்தே எழுத்தைக் கண்டுபிடிக்கலாம்.

பழைய தமிழ்க் கல்லெழுத்தில் ஆண்டு தமிழ் எண்ணில் இருந்தால் பலர் அதை எழுத்து என்று எண்ணித் தாண்டிப் போய்விடுகிறார்கள். ௲௮௱௭௰௬ என்று இருந்தால், ௲ ஆயிரம், ௮ எட்டு, ௱ நூறு, ௭ ஏழு, ௰ பத்து, ௬ ஆறு, மொத்தம் 1876. எட்டு 'அ' போலவும், ஏழு 'எ' போலவும், இரண்டு 'உ' போலவும் தோன்றும். ௵ என்ற குறி வருடத்தையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும். ஆங்கில ஆண்டே இல்லாமல் 'தாது வருஷம்' என்று மட்டும் இருந்தால், அது 60 ஆண்டுச் சக்கரத்தில் பத்தாவது. 1876 சித்திரையிலிருந்து 1877 பங்குனி வரை ஒரு தாது, 1936-ல் இன்னொரு தாது. சக்கரத்தின் முதல் ஆண்டான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எந்த வருஷப் பெயரையும் கணக்கிட்டுவிடலாம். எந்தச் சக்கரம் என்பதைக் கல்லின் எழுத்து வடிவமும் பக்கத்துக் கல்லறைகளும் சொல்லும்.

அதனால்தான் ஒரு கல்லை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பக் கூடாது. சுற்றிலும் உள்ள கல்லறைகளையும் வரிசைப்படி ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கணவன் பக்கத்தில் மனைவி, காலடியில் குழந்தை, அடுத்த வரிசையில் மைத்துனர் என்று உறவு மண்ணிலேயே வரையப்பட்டிருக்கும். ஒரே குழியில் சில ஆண்டுகள் கழித்து இன்னொருவரை அடக்கம் செய்யும் குடும்பக் கல்லறைகளில் ஒரே கல்லில் வெவ்வேறு காலத்து எழுத்துகள் காணப்படும். பொறித்த சிற்பிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் தாளைப் பார்த்துச் செதுக்கியதால் எழுத்து தலைகீழாக விழுந்த கற்களும் உண்டு. ஆகவே எழுத்துப் பிழையைத் திருத்தாமல் கல்லில் உள்ளபடியே படியெடுங்கள்.

இத்தனையும் கல் இருந்தால்தான். நம் மக்களில் பெரும்பாலோருக்குக் கல் வைக்க வசதி இருந்ததில்லை. மண்மேடும், கறையான் தின்னும் மரச் சிலுவையும் இரண்டு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை. தோட்டத் துரைக்குப் பளிங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மண்ணும் என்ற அந்த வேற்றுமை ஏற்காட்டுக் கல்லறைகளில் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. கல் இல்லாதவர்களுக்குப் பதிவேடுதான் கல்.

ஆலயப் பதிவேடு

ஒவ்வொரு பங்கிலும் (ஓர் ஆலயத்தின் கீழ் வரும் பகுதியிலும்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடு இருக்கும். கல்லில் கிடைத்த ஆண்டைக் கொண்டு அடக்கப் பதிவேட்டில் தொடங்கி, அதில் உள்ள வயதைக் கழித்து ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். வயதை அப்படியே நம்ப வேண்டாம். 45, 50, 60 என்று ஐந்திலும் பூச்சியத்திலும் முடியும் வயது பெரும்பாலும் மதிப்பீடு. கணக்கெடுப்பு அதிகாரிகளே இந்தப் பழக்கத்தைப் பற்றி அறிக்கைதோறும் எழுதியிருக்கிறார்கள். முன்னும் பின்னும் ஆறேழு ஆண்டுகள் பார்த்துவிடுவது நல்லது. இந்த வெப்ப நாட்டில் இறந்த அன்றோ மறுநாளோ அடக்கம் நடந்துவிடும் என்பதால், கல்லில் உள்ள நாளும் பதிவேட்டு நாளும் ஒன்றிரண்டு நாள் வேறுபட்டால் குழம்ப வேண்டியதில்லை.

எது எந்தத் திருச்சபையின் ஆவணம் என்று தெரிந்திருந்தால் அலைச்சல் குறையும். கத்தோலிக்கச் சேலம் மறைமாவட்டம் 1930-ல்தான் உருவானது. அதற்கு முன்பு இப்பகுதிப் பங்குகள் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மறைமாவட்டங்களுக்கு உட்பட்டிருந்தன. சீர்திருத்தத் திருச்சபை வரிசையில், லண்டன் மிஷன் 1827-ல் சேலத்தில் பணி தொடங்கியது. அது 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தது. அந்த மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் உள்ள கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆங்கிலிக்கன் ஆலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் சென்னை வழியாக லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. அவற்றில் பெரும்பான்மை ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான். காக்பர்ன் கலெக்டராக இருந்த 1820-களில் மலையில் காப்பி வந்த பிறகு குடியேறிய தோட்டக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு அதுவே முதல் இடம். ஜே.ஜே. காட்டன் தொகுத்து 1905-ல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட கல்லறை எழுத்துகளின் பட்டியலையும் அவர்கள் பார்க்க வேண்டும். இன்று சிதைந்துபோன சில கற்களின் வாசகம் அதில்தான் முழுமையாக இருக்கிறது.

பழைய கத்தோலிக்கப் பதிவேடுகளைப் பிரெஞ்சுக் குருமார் லத்தீனில் எழுதியிருப்பார்கள். சொற்கள் சிலவே என்பதால் பயப்பட வேண்டாம்: ஃபீலியுஸ் மகன், ஃபீலியா மகள், நாத்துஸ் பிறந்தவன், பாத்ரீனுஸ் ஞானத்தந்தை, விதுவா கைம்பெண், செபுல்த்துஸ் அடக்கம் செய்யப்பட்டவன். எங்களைத் தடுமாற வைத்தவை பெயர்கள்தாம். வீட்டில் கொள்ளுத்தாத்தாவுடைய தந்தையின் பெயர் ராயப்பன் என்றார்கள். பதிவேடு முழுக்கத் தேடியும் ராயப்பன் இல்லை. பேத்ருஸ் என்று எழுதப்பட்டவர்தான் அந்த இராயப்பன் என்று ஒரு முதிய குருவானவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. பவுலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், யோசேஃபுஸ் சூசை, யாக்கோபுஸ் யாகப்பன், ஸ்தேஃபானுஸ் முடியப்பன், சவேரியுஸ் சவரிமுத்து அல்லது சவரியப்பன். இந்தப் பட்டியலைக் குறிப்பேட்டின் அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பிரெஞ்சுக் கையெழுத்தில் 1 என்ற எண்ணுக்கு நீண்ட மேல்கோடு இருப்பதால் அது 7 போலத் தெரியும். உண்மையான 7-க்கு நடுவில் குறுக்குக்கோடு இருக்கும். மாதம் எழுத வேண்டிய இடத்தில் 7 என்ற எண்ணுடன் சிறு எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். அவ்வாறே 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு என்பதிலிருந்து வந்த பழைய சுருக்கம் இது.

திருமணப் பதிவைத் தவறவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்த படிவத்தில் மணமக்களின் வயது, தொழில், வசிக்கும் ஊர், தந்தையர் பெயர், சாட்சிகள் என எல்லாம் இடம்பெறும். சாட்சிகள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர். எங்கள் தேடலில் திருப்பம் அங்கேதான் வந்தது. மலையில் பிறந்தவர் என்று நாங்கள் எண்ணியிருந்தவருக்கு, திருமணப் பதிவில் ஓமலூர் தாலுகாவில் ஒரு கிராமம் சொந்த ஊராக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பகுதியின் பங்கில், 1878-ல் ஒரே நாளில் தாய், தந்தை, நான்கு பிள்ளைகள் என ஒரு குடும்பமே ஞானஸ்நானம் பெற்றதாக எழுதியிருந்த பக்கத்தில் அவரைப் பத்து வயதுச் சிறுவனாகக் கண்டோம். தந்தையின் புதுப்பெயர் பேத்ருஸ் என்பதற்குப் பக்கத்தில், அவருடைய முந்தைய பெயரும் அதே கையெழுத்தில் இருந்தது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் எவரும் கேட்டதே இல்லை.

கணக்கெடுப்பு அட்டவணை எங்கே உதவும்

அந்த 1878 என்ற ஆண்டை விளங்கிக்கொள்ளக் கணக்கெடுப்புதான் உதவியது. 1871-ல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் அது ஏறத்தாழ 16 லட்சம். இடையில் வந்தது தாது வருஷப் பஞ்சம். பத்தாண்டில் ஒரு மாவட்டம் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சாவிலும் இடப்பெயர்விலும் இழந்திருக்கிறது. உங்கள் குடும்பம் 1877 முதல் 1880 வரையிலான ஒரு பதிவேட்டில் திடீரென்று, முன்தொடர்ச்சி இல்லாமல் தோன்றினால், அல்லது ஒரு குழந்தை பெற்றோர் பெயர் இல்லாமல் பதிவாகியிருந்தால், முதலில் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள்.

பழைய கணக்கெடுப்புத் தொகுதிகள் பலவும் இந்தியக் கணக்கெடுப்புத் துறையின் இணைய நூலகத்தில் கிடைக்கின்றன. 1951 முதல் வெளிவந்த மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் கிராமம் கிராமமாக வீடுகள், மக்கள், எழுத்தறிவு, தொழில் ஆகியவை உண்டு. ஒரு கிராமத்தில் மொத்தமே 40 வீடுகள் என்று கையேடு சொன்னால், அந்த ஊர்ப் பெயரோடு பதிவேட்டில் வரும் இரண்டு சூசைகளும் உறவினராக இருக்க வாய்ப்பு அதிகம். 800 வீடுகள் என்றால் அப்படி முடிவு செய்ய முடியாது. 1961 கணக்கெடுப்பை ஒட்டித் தேர்ந்தெடுத்த சில கிராமங்களைப் பற்றி முழு நூல்களே வந்தன. உங்கள் ஊர் அதில் இருந்தால் வீட்டமைப்பு முதல் திருவிழா வரை அறியலாம். சாதிவாரி முழு அட்டவணை கடைசியாக வெளிவந்தது 1931-ல்.

எல்லை மாற்றத்தைக் கவனிக்காமல் எண்களை ஒப்பிடாதீர்கள். 1871-ன் சேலம் மாவட்டத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், நாமக்கல் எல்லாம் அடக்கம். திருப்பத்தூர் 1911-ல் வட ஆற்காட்டுக்குப் போனது. தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் தனி மாவட்டங்களாயின. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-ல் பிரிந்தது. கல்லறையில் 'சேலம் ஜில்லா' என்று மட்டும் இருந்தால் அது இன்றைய ஐந்து மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம். புதூர், பாளையம், கோட்டைமேடு போன்ற பெயர்கள் தாலுகாவுக்கு நாலைந்து உண்டு என்பதால் ஊர்ப் பெயரோடு தாலுகாவையும் சேர்த்தே குறியுங்கள்.

பெயரோடு கூடிய கணக்கெடுப்புத் தாளுக்கு மாற்றாக நமக்கு உள்ளவை வேறு. வாக்காளர் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது நான்கும் இருக்கும். கிராமப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை 1980-ல் பதவி ஒழிக்கப்படும் வரை மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் வைத்திருந்தார்கள். பழையவற்றைத் தாலுகா அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். நிலம் இருந்த குடும்பம் என்றால் 'அ' பதிவேடு என்னும் கிராம நிலப் பதிவேடும் பழைய கிரயப் பத்திரங்களும் தந்தை பெயரைத் தரும். கடல் கடந்து போனவர்களுக்குச் சில சமயம் நம்மைவிட நல்ல ஆவணம் இருக்கிறது: 1860 நவம்பரில் டர்பன் சேர்ந்த துரூரோ என்ற முதல் கப்பல் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரின் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதப்பட்டுள்ளன. பஞ்சத்துக்குப் பின் 'எங்கோ போய்விட்டார்' என்று வீட்டில் சொல்லப்படுகிற தம்பியை அங்கே தேடிப் பாருங்கள்.

ஆங்கிலோ இந்தியக் கிளை பிரிட்டனுக்குப் போயிருந்தால் மட்டும் அந்நாட்டு வீட்டுத் தாள்கள் பயன்படும். 1851 முதல் பிறந்த இடமும் அதில் கேட்கப்பட்டது. ஆனால் பலருக்கும் வெறுமனே 'இந்தியா' என்று எழுதிவிட்டார்கள். 1931-ஆம் ஆண்டின் இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் 1942-ல் தீயில் அழிந்துபோயின. 1941-ல் அங்கே கணக்கெடுப்பே நடக்கவில்லை.

கல்லறைத் தோட்டமே இல்லாமல் போன ஊர்களும் உண்டு. 1925 முதல் 1934 வரை மேட்டூர் அணை கட்டப்பட்டபோது நீருக்குள் போன ஊர்களின் மக்கள் தாங்கள் அடக்கம் செய்தவர்களை அங்கேயே விட்டு வந்தார்கள். நீர்மட்டம் இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் இன்றும் வெளியே தெரிகின்றன. அப்படிப்பட்ட குடும்பங்கள் பழைய ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, மக்கள் குடியேறிய ஊரின் பங்கில் தேடத் தொடங்க வேண்டும். பங்கு இடம்பெயர்ந்தால் பதிவேடும் வழக்கமாகக் கூடவே போகும்.

கிடைத்தவற்றை எழுதும்போது ஒவ்வொரு செய்திக்குப் பக்கத்திலும் அதை எங்கே கண்டீர்கள் என்பதைக் குறியுங்கள்: கல்லா, பதிவேடா, அத்தை சொன்னதா. மூன்றும் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் மூன்றையுமே எழுதுங்கள். உங்கள் வரிசை வரைபடத்தையும் படியெடுத்த வாசகங்களையும் ஒரு பிரதி எடுத்துப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்; அடுத்துத் தேடி வருகிறவருக்கு உங்கள் கல்லுக்குப் பக்கத்துக் கல்தான் தேவையாக இருக்கும். படம் எடுக்க நல்ல நாள் அக்டோபரின் கடைசி வாரம். அப்போதுதான் புல்லை அரிந்து, கல்லைக் கழுவி வைத்திருப்பார்கள். இரண்டொரு நாளில் புதிய சுண்ணாம்பு விழுந்துவிடும். இந்த முறை எழுத்துள்ள முகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பக்கங்களுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லி, உபதேசியாரிடம் முன்னதாகவே கேட்டு வைத்திருக்கிறேன்.